வெளியில் ஓடும் மெல்லிய ஒயர்கள்: உரிக்க, இணைக்க, காக்க எந்த முறை எங்கே பொருந்தும்

தோட்ட விளக்கு, வாசல் மணி, கண்காணிப்புக் கேமரா, நீர்த்தொட்டியின் மட்டத்தைக் காட்டும் சென்சார், பாசன வால்வு ஆகியவற்றுக்குச் செல்லும் ஒயர்கள் பெரும்பாலும் 0.2 முதல் 1 சதுர மில்லிமீட்டர் வரை பருமன் கொண்டவை. அவற்றில் ஓடுவது 12 அல்லது 24 வோல்ட் மின்சாரம்தானே என்ற எண்ணத்தில், இரண்டு முனைகளையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்த இணைப்பு முதல் சில மழைகளைத் தாங்கிவிடும். அதன் பிறகு விளக்கு மங்கத் தொடங்கும், கேமரா விட்டுவிட்டு வேலை செய்யும், சென்சார் பொருந்தாத அளவுகளைக் காட்டும். பழுதைத் தேடுபவர் அடாப்டரை மாற்றிப் பார்ப்பார், கருவியையே மாற்றிப் பார்ப்பார். டேப்பைப் பிரித்துப் பார்ப்பது கடைசியில்தான் நடக்கும்.

இந்தக் கட்டுரை குறைந்த மின்னழுத்த ஒயர்களைப் பற்றியது மட்டுமே. மாறுதிசை மின்சாரத்தில் 50 வோல்ட்டுக்கும் நேர்திசை மின்சாரத்தில் 120 வோல்ட்டுக்கும் உட்பட்டவை மிகக் குறைந்த மின்னழுத்தம் என்று வகைப்படுத்தப்படுகின்றன. ஈரமான இடங்களில் அந்த வரம்பு இன்னும் கீழே வைக்கப்படுகிறது. வீட்டின் பிரதான மின்இணைப்பிலிருந்து வரும் கேபிளை வெளியில் இணைப்பதற்கு விதிகளும் பொருள்களும் வேறு, அதைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட வேண்டும்.

வேலை நடக்கும் வரிசை உரிப்பது, இணைப்பது, மூடுவது என்பதாகும். முடிவெடுக்கும் வரிசையோ இதற்கு நேர்எதிராக இருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. வெளியில் வைத்த இணைப்பு பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது தண்ணீர். ஆகவே அந்த இடத்தில் தண்ணீரை எப்படித் தடுக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அந்தக் காப்புக்குள் அடங்கக்கூடிய இணைப்பு எது என்பதை அடுத்துத் தேர்ந்து, அந்த இணைப்பு கேட்கும் நீளத்துக்கு ஒயரைக் கடைசியாக உரிக்க வேண்டும். கையில் இருக்கும் பொருளைக் கொண்டு முதலில் இணைத்துவிட்டு, பிறகு எதைக் கொண்டு மூடலாம் என்று யோசிக்கும்போதுதான் டேப் மட்டும் மிஞ்சுகிறது.

தண்ணீர் உள்ளே போகும் வழி

மழை நேரடியாகப் படுவது தண்ணீர் நுழையும் வழிகளில் ஒன்று மட்டுமே. வெயிலில் சூடான இணைப்புக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. திடீரென்று மழை பெய்து குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, விளிம்பில் நிற்கும் நீரை அது இழுத்துக்கொள்கிறது. இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. அடுத்தது, இழைகளாலான ஒயருக்குள் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் நீரை நெடுந்தூரம் உறிஞ்சிச் செல்லும். கேபிளின் வெளியுறைக்கும் உள்ளே இருக்கும் தனித்தனி ஒயர்களுக்கும் இடையிலான வெற்றிடம் இன்னும் பெரிய வழி. இணைப்பை எவ்வளவு நன்றாக மூடினாலும், வெளியுறை வெட்டப்பட்ட இடம் திறந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகக் கேபிள் முழுவதும் பயணம் செய்து, மறுமுனையில் இருக்கும் கருவிக்குள்ளேயே போய் இறங்கும்.

நேர்திசை மின்சாரம் ஓடும் ஒயரில் இன்னொரு தீங்கும் சேர்கிறது. ஈரத்தின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் கசிந்தாலும், நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து வெளியேறத் தொடங்கும். பழைய இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம்: எதிர்மின் ஒயர் ஓரளவு கறுத்து, உருக்குலையாமல் இருக்கும், பக்கத்தில் நேர்மின் ஒயர் இருந்த இடத்தில் பச்சைக் களிம்பும், தொட்டவுடன் பொடியும் சில இழைகளும் மட்டுமே மிஞ்சியிருக்கும். தொலைபேசி இணைப்பகங்களில் நேர்மின் முனையைத் தரையோடு இணைத்து, கம்பிகளை மைனஸ் 48 வோல்ட்டில் வைத்ததற்கு இந்த அரிப்பைக் குறைப்பதும் ஒரு காரணம்.

களிம்பு ஏறிய இணைப்பு உடனே அறுந்துவிடாது, அதன் மின்தடை மெல்ல உயரும். மெல்லிய ஒயரில் தாங்குவதற்கு இடம் முன்பே குறைவு. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 20 மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போகவும் வரவுமாக 40 மீட்டருக்கு மின்தடை சுமார் 1.4 ஓம் ஆகிறது. 1 ஆம்பியர் ஓடினாலே 12 வோல்ட்டில் 1.4 வோல்ட் வழியில் போய்விடும். அதன்மேல் கெட்டுப்போன இணைப்பு ஒன்று இன்னும் 1 ஓம் சேர்த்தால் முனையில் 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே எஞ்சும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு முதல் தேர்வு எது என்பது தெளிவாகிவிடும்: முடிந்தால் வெளியில் இணைப்பே வைக்காமல் இருப்பது. ஒயர் அறுந்த இடத்தை ஒட்டுவதற்குப் பதிலாக முழு நீளத்தையும் மாற்றிவிட முடியுமா, அல்லது இணைப்பைச் சுவருக்கு உள்பக்கமோ தாழ்வாரத்துக்கு அடியிலோ நகர்த்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். சில மீட்டர் புதிய கேபிள் இழுக்கும் உழைப்பு, நல்ல இணைப்பு ஒன்றைச் செய்யும் உழைப்பைவிடப் பல நேரங்களில் குறைவாகவே இருக்கும். அது இயலாத இடத்துக்குத்தான் கீழே வரும் ஒப்பீடு.

எதைக் கொண்டு மூடுவது

சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப் மின்காப்புக்கு உரியது. தண்ணீர்த் தடுப்புக்கு அதை நம்பக் கூடாது. அதன் பசை வெயிலில் இளகி வழியும், கடைசிச் சுற்றின் விளிம்பு எழும்பும், எழும்பிய விளிம்பின் வழியாக நுழைந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். டேப் சுற்றாமல் திறந்து விட்டிருந்தால்கூட மழை ஓய்ந்ததும் அந்த இணைப்பு காய்ந்திருக்கும்; டேப் அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. வேறொரு காப்பின் மேலுறையாக மட்டுமே இதைப் பயன்படுத்துவேன்.

இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒன்றிப்போகும் ரப்பர் டேப் வேறு இனம். இதில் பசை கிடையாது. இடையிலிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும்படி இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றினால், சில மணி நேரத்தில் அடுக்குகள் பிரிக்க முடியாத ஒரே ரப்பர்த் திரளாகிவிடும். பல ஒயர்கள் பிரியும் இடம், வடிவம் ஒழுங்கற்ற இணைப்பான், கேமரா கேபிளின் பிளக் போன்ற, குழாய் நுழையாத இடங்களுக்கு இதுவே சிறந்தது. இதில் ரப்பர் வகைக்கும் சிலிக்கோன் வகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்து வாங்க வேண்டும். ரப்பர் வகை கேபிளின் உறையோடு நன்றாகப் பொருந்தி அமரும், ஆனால் பெரும்பாலானவை புறஊதாக் கதிரைத் தாங்காது. அதன் மேல் நல்ல தரமான பிவிசி டேப்பைச் சுற்றி மறைக்க வேண்டும். சிலிக்கோன் வகை வெயிலையும் வெப்பத்தையும் எளிதாகத் தாங்கும், ஆனால் தன்னோடு மட்டுமே ஒட்டும், கேபிளோடு ஒட்டாது. கூரிய விளிம்பில் உரசிச் சிறு கிழிசல் விழுந்தால் அது சட்டென்று நீண்டுவிடும். வெயில் படும் சுவரில் ரப்பர் டேப்பின் மேல் பிவிசி மேலுறை என்ற இரட்டை அடுக்கையே நான் பரிந்துரைப்பேன்.

நேராகச் செல்லும் ஒற்றை இணைப்புக்கு, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில், உள்பக்கம் பசை பூசிய வகையை மிஞ்சியது எதுவும் இல்லை. பசை இல்லாத சாதாரண வகை 2:1 விகிதத்தில் சுருங்கி ஒயரை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் நீரைத் தடுக்காது. பலர் ஹீட் ஷ்ரிங்க் போட்டும் இணைப்பு கெட்டுவிட்டது என்று வருந்துவதற்கு இந்தக் குழப்பமே காரணம். பசையுள்ள வகை பொதுவாக 3:1 விகிதத்தில் சுருங்கும், அதாவது 9 மில்லிமீட்டர் குழாய் 3 மில்லிமீட்டர் வரை இறங்கும். சூடேறும்போது உள்ளிருக்கும் பசை உருகி, வெளியுறையின் மேல் பரவி, குழாயின் இரு முனைகளிலும் ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அந்த வளையம் சுற்றிலும் முழுமையாகத் தெரிந்தால்தான் அடைப்பு சரியாக விழுந்தது என்று கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கம் இன்னும் சூடு காட்ட வேண்டும். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிச் சூட்டை நகர்த்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். ஹாட் ஏர் கன் இதற்கு உரிய கருவி. லைட்டர் சுடரில் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் சுருங்காமல் நிற்கும்.

இந்தக் குழாய்க்கும் எல்லைகள் உண்டு. குழாய் இணைப்பைத் தாண்டி இரு பக்கமும் வெளியுறையின் மேல் குறைந்தது 25 மில்லிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும், நீளவாக்கிலும் அது சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு ஒயர்கள் ஒட்டிய தட்டையான கேபிளில் நடுப்பள்ளம் பசையால் நிரம்பாமல் போகலாம். ஒரே முனையில் இரண்டு கேபிள்கள் வெளியே வந்தால் அவற்றுக்கு இடையில் நிச்சயம் துளை மிஞ்சும். சூடு ஆறுவதற்குள் அந்த இடைவெளியைக் குறடால் அழுத்திப் பிடிக்கலாம், ஆனால் அது முழு நம்பிக்கை தராது. ஒயரை இணைத்த பிறகு குழாயை நுழைக்க முடியாது என்பதால், காப்பை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று மேலே சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது.

பல ஒயர்கள் சேரும் இடத்திலும், பின்னர் திறந்து பார்க்க வேண்டிய இடத்திலும் ஜங்ஷன் பாக்ஸ்தான் வழி. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஐபி எண் ஐஇசி 60529 தரத்தின்படி தரப்படுவது: ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும், ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை மூழ்கினாலும் கேடு நேரும் அளவுக்கு நீர் உட்புகாது. அந்த எண் பெட்டி தொழிற்சாலையில் இருந்த நிலைக்கு உரியது, நாம் துளையிட்டு ஒயரை நுழைத்த பிறகு அந்தத் துளையின் தரமே பெட்டியின் தரம். மெல்லிய ஒயர்களில் இங்கேதான் சிக்கல் வருகிறது. துளையில் திருகி, கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்டில் எம்12 அளவு பொதுவாக 3 முதல் 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான கேபிளைப் பிடிக்கும். 2 மில்லிமீட்டர் ஒயரையோ தட்டையான கேபிளையோ ஒரே துளையில் இரண்டு கேபிள்களையோ அது அடைக்காது. அதற்கெனப் பல துளைகள் கொண்ட ரப்பர் அடைப்பான்கள் கிடைக்கின்றன. அவை இல்லாதபோது, ஒயரின் மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு விட்டத்தைக் கூட்டிக்கொள்வது நல்ல வழி.

பெட்டியின் கிளாண்டுகள் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்; கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து மேலேற வேண்டும், அப்போதுதான் கேபிள் வழியாக வடியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இவ்வளவு செய்தாலும், காற்றிலுள்ள ஈரம் பெட்டிக்குள் வியர்வையாகப் படிவதைத் தவிர்க்க முடியாது. ஆகவே சுவரில் பொருத்திய பெட்டியில், அடிப்பக்கம் சிறு வடிதுளையோ காற்று மட்டும் போகும் வெண்ட் பிளக்கோ வைப்பதே சரி என்பது என் கருத்து. முழுக்க அடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு விட்ட பெட்டியைத் திறக்கும்போது தேங்கிய நீர் வெளியே கொட்டுவது புதிதல்ல.

மண்ணுக்குள்ளும் நீர் தேங்கும் குழிக்குள்ளும் மேற்சொன்ன எதையும் தனியாக நம்பக் கூடாது. அங்கே காற்றுக்கே இடமில்லாமல் நிரப்பும் முறை தேவை. இரண்டு பாகங்களைக் கலந்து ஊற்றும் ரெசின் இறுகியபின் கல்லாகிவிடும்; நிலையானது, ஆனால் பிறகு மாற்ற வேண்டுமானால் வெட்டி எறியத்தான் வேண்டும். ஜெல் நிரப்பிய சிறு கூடுகள் திறந்து மூடக்கூடியவை, பாசன வால்வு இணைப்புகளில் இவை பரவலாகப் பயன்படுகின்றன. ரெசின் ஊற்றும் முன் பாலிஎத்திலீன் உறையை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் அது சரியாகப் பிடிக்காமல், ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி விட்டுவிடும்.

அவசரத்துக்குக் கையில் எடுக்கப்படும் சில பொருள்களை இங்கே விலக்கிவிட வேண்டும். காடி வாடை வீசும் சிலிக்கோன் பேஸ்ட் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. செம்பில் களிம்பேற்றுவதற்கு அதுவே போதும். சிலிக்கோன்தான் வேண்டுமென்றால் நியூட்ரல் வகையை வாங்க வேண்டும். குளூ கன் பசை குளிரும் வெயிலும் மாறிமாறிப் படும்போது உறையிலிருந்து விட்டுவிடும். பெட்ரோலியம் ஜெல்லி வெயிலின் சூட்டிலேயே உருகி ஓடிவிடும்.

எப்படி இணைப்பது

காப்பு முடிவாகிவிட்டால் இணைப்பின் தேர்வு பாதி முடிந்துவிடுகிறது. குழாய்க்குள் அடங்க வேண்டிய இணைப்பு மெலிதாகவும் நேராகவும் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பது கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் நல்லது.

வெறுமனே முறுக்குவது இணைப்பாகாது. செம்பின் மேல் இயல்பாகவே படரும் ஆக்சைடு, வெப்பத்தால் விரிந்து சுருங்கும்போது தளரும் பிடி இரண்டும் சேர்ந்து, உள்ளே தண்ணீர் போகாவிட்டாலும் அதைக் கெடுத்துவிடும்.

ஈயம் பற்றவைத்த இணைப்பே மெல்லிய ஒயருக்கு மின்வகையில் மிகச் சிறந்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் கலக்காத வகைகளில் பரவலானவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்த முப்பத்து நான்கு டிகிரி வேறுபாடு மேசையில் பெரிதாகத் தோன்றாது, காற்று வீசும் மாடியில் ஏணியின் மேல் நின்று செய்யும்போது தோன்றும். சால்டரிங் ஐயனின் முனையைக் காற்று குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் ஈயம் செம்போடு கலக்காமல் மேலே உருண்டையாக நின்றுவிடும். ஒற்றைக் கம்பியாக இருந்தால், தந்திக் காலத்திலிருந்து வரும் முறைப்படி இரு முனைகளையும் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் நெருக்கமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றி, பிறகு ஈயம் விட்டால் இழுவிசையைக் கம்பியே தாங்கிக்கொள்ளும். ஈயம் பிடிக்கும்படி செம்பைச் சுத்தமாக்கும் ஃபிளக்ஸ், ரோசின் வகையாக இருக்க வேண்டும். தகர வேலைக்கான அமில ஃபிளக்ஸின் எச்சம் மூடிய குழாய்க்குள் தங்கி ஒயரைத் தின்றுவிடும். பற்றவைப்பின் பெரும் குறை வேறொன்று: ஈயம் இழைகளுக்குள் ஏறிய தூரம் வரை ஒயர் விறைத்துப்போகும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒயர் அசைந்தால் அங்கேயே முறியும். கேட்டில் ஓடும் ஒயர், காற்றில் ஆடும் ஒயர் ஆகியவற்றுக்குப் பற்றவைப்பு உகந்ததல்ல.

ஒயரை உள்ளே நுழைத்து நசுக்கிப் பிடிக்கவைக்கும் உலோகக் குழலான கிரிம்ப் இணைப்பான் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது, அதை உரிய கருவியால் அழுத்தினால். வண்ணக் குறியீட்டில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வரைக்கும் உரியது. 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சிவப்புக் கிரிம்பில் நுழைத்து அழுத்துவது மெல்லிய ஒயர் வேலைகளில் அடிக்கடி காணப்படும் தவறு. அழுத்தியபின் பிடித்தது போலத் தோன்றும், இலேசாக இழுத்தால் வழுவி வந்துவிடும். முனையை இரண்டாக மடித்து நுழைப்பது ஓரளவு உதவும், உரிய சிறு அளவை வாங்குவது அதைவிட மேல். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறையோடு வரும் கிரிம்புகள் இணைப்பையும் காப்பையும் ஒன்றாகத் தருகின்றன, ஆனால் கூரான பல் கொண்ட குறடால் அழுத்தினால் உறையே ஓட்டையாகிவிடும். மேலும் அவை ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக மூடுகின்றன, வெளியுறை வெட்டிய இடம் திறந்தே கிடக்கும். அனைத்தையும் சேர்த்து மூடும் வெளிக்குழாய் ஒன்று அப்போதும் வேண்டும்.

நடுவில் ஈய வளையம் பதித்த ஒளிபுகும் குழாய்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. சூடு காட்டினால் ஈயம் உருகி, குழாய் சுருங்கி, பசையும் அடைத்து, மூன்று வேலையும் ஒரே முறையில் முடிந்துவிடும் என்பது அவற்றின் கவர்ச்சி. பெரும்பாலானவற்றில் இருப்பது 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் கலந்த ஈயம். வளையம் உருகியது கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளிருக்கும் செம்பு அதே சூட்டை எட்டியதா என்பது தெரியாது. எட்டாதபோது ஈயம் இழைகளுக்குள் இறங்காமல் மேலே ஒரு தோலாக மட்டும் நிற்கும். புத்தம் புதிய, பளிச்சென்ற, மெல்லிய ஒயரில் இவை நன்றாக அமர்கின்றன. கறுத்த பழைய ஒயரில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒயரை உரிக்கவே தேவையில்லாத வகை ஒன்று உண்டு, அதன் அருமை பரவலாகத் தெரியவில்லை. தொலைபேசிக் கேபிள் வேலைக்காக வந்த ஜெல் நிரப்பிய சிறு பொத்தான் இணைப்பான்களே அவை. ஸ்காட்ச்லாக் யூஒய்2 போன்ற வகையில் இரண்டு ஒயர்களையும் இன்சுலேஷனோடு அடிவரை செருகி, குறடால் பொத்தானை நேராக அழுத்தினால், உள்ளிருக்கும் பிளவுத் தகடு இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும், ஜெல் அந்த இடத்தைச் சூழ்ந்துகொள்ளும். 0.4 முதல் 0.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பிகளுக்காக வடிவமைக்கப்பட்டது இது; நெட்வொர்க் கேபிளின் 0.5 மில்லிமீட்டர் கம்பி, வாசல் மணியின் ஒயர், அலாரம் ஒயர் ஆகியவற்றுக்கு இதைவிட விரைவான, உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இழைகளாலான ஒயரை அந்தத் தகடு ஒழுங்காகக் கவ்வாது, அதிக மின்சாரம் எடுக்கும் விளக்கு வரிசைக்கும் இது ஏற்றதல்ல. ஜெல் காப்பது தொடுமிடத்தை மட்டுமே என்பதால், வெளியுறையின் வாயை அடைக்கும் பொறுப்பு இங்கேயும் நம்முடையதே.

பெட்டிக்குள் என்றால் நெம்புகோல் இணைப்பான்களே என் தேர்வு. வேகோ 221 வகை 0.2 முதல் 4 சதுர மில்லிமீட்டர் வரை ஒற்றைக் கம்பியையும் இழை ஒயரையும் ஏற்கும், 11 மில்லிமீட்டர் உரித்தால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். உடல் ஒளிபுகுவதால் செம்பு முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நீர்த்தடுப்பு எதுவும் இதில் இல்லை, எனவே ஈரம் மிகுந்த இடத்தில் இதற்கென்றே வரும் ஜெல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஸ்க்ரூ டெர்மினல் இதைவிடக் கீழ்ப்படி. அதில் இழை ஒயரை நேரடியாகத் திருகினால் இழைகள் நசுங்கி அறும். முனையில் ஈயம் பூசித் திருகினாலோ, அழுத்தத்தில் ஈயம் காலப்போக்கில் மெல்ல வழிந்து பிடி தளர்ந்துவிடும். முனையில் குழல் வடிவ ஃபெருல் போட்டு அழுத்திய பிறகு திருகுவதே சரியான முறை.

எந்த முறையானாலும், ஒரு கேபிளின் இரண்டு ஒயர்களை ஒரே இடத்தில் வெட்டி அருகருகே இணைக்காமல், மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளித்தள்ளி இணைக்க வேண்டும். ஈரம் புகுந்தாலும் இரண்டு செம்புகளும் ஒன்றையொன்று தொடாது. இணைப்பு மெலிதாக இருப்பதால் வெளிக்குழாயும் எளிதாக நுழையும்.

உரிப்பது

கத்தியால் உரிப்பது இயலாததல்ல, ஆனால் மெல்லிய ஒயரில் பிழைக்கு இடமே இல்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ் ஒயர் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் இழைகள் 16 சேர்ந்தது. கத்தி நான்கு இழைகளை அறுத்துவிட்டால் கால் பங்கு செம்பு போய்விட்டது. ஒற்றைக் கம்பியில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூன்று முறை வளைந்ததும் அந்தக் கீறலிலேயே கம்பி ஒடியும். அளவுக்கேற்ற துளைகள் கொண்ட சாதாரண ஸ்ட்ரிப்பரே இங்கு மிகவும் நம்பத்தக்கது. எந்தத் துளை என்று ஐயம் வந்தால் ஒரு படி பெரிய துளையில் தொடங்க வேண்டும். தானாக அளவை உணரும் ஸ்ட்ரிப்பர் வேகமானது, நிறைய ஒயர்கள் இருந்தால் கைவலி மிச்சம், ஆனால் மிக மெல்லிய ஒயரில் இன்சுலேஷனோடு இழைகளையும் பிய்த்துவிடக்கூடும். அதன் அழுத்தத் திருகைத் தளர்த்தி, வெட்டிய துண்டில் ஒத்திகை பார்த்த பிறகே உண்மையான முனையைக் கொடுக்க வேண்டும்.

வெளியுறையை எடுக்கும்போது முழு ஆழத்துக்கு வெட்டக் கூடாது. சுற்றிலும் மேலோட்டமாக ஒரு கீறல் போட்டு, அந்த இடத்தில் கேபிளை நான்கு பக்கமும் மடக்கினால், உறை அந்தக் கோட்டிலேயே வாய்பிளந்து தானாக அறும். கத்தியின் முனை உள்ளிருக்கும் ஒயர்களைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. நெட்வொர்க் கேபிள்கள் பலவற்றில் உள்ளே ஒரு நூல் இருக்கும், அதைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் உறை நீளவாக்கில் பிளந்துவிடும்.

பழைய ஒயரை உரித்ததும் செம்பின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் ஈரம் உள்ளே ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தச் செம்பில் ஈயமும் பிடிக்காது, கிரிம்பும் நிலைக்காது. ஐந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி உரித்துப் பார்த்து, பளபளப்பான செம்பு வரும்வரை பின்னே போக வேண்டும். அரை மீட்டருக்கு அப்பாலும் கறுப்பு தொடர்ந்தால் அந்தக் கேபிளை மாற்றுவதே முறை. வெளியுறை வெயிலில் விறைத்து, மடக்கினால் வெடிக்கும் நிலையில் இருந்தாலும் அப்படியே.

உரித்த கம்பியைக் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டிப் பார்ப்பது இன்னொரு பயனுள்ள சோதனை. வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளி நிறமும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் அரிப்பு வேகமாக நடக்கும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். இதை வெளியில் எந்த முறையில் இணைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். வெளியே வெள்ளி நிறமும் உள்ளே செம்பு நிறமும் தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, வெளிப்புற வேலைக்கு மிக உகந்த ஒயர்.

இடத்துக்கு இடம்

தாழ்வாரத்துக்கு அடியில், சாரல் மட்டும் படும் சுவரில், பல விளக்குகளின் ஒயர்கள் சேரும் இடம் என்றால், கீழ்நோக்கிய கிளாண்டுகள் கொண்ட ஐபி65 பெட்டிக்குள் நெம்புகோல் இணைப்பான்கள் போதும். வெயிலும் மழையும் நேராகப் படும் சுவரில் ஒரு கேபிள் அறுந்து ஒட்ட வேண்டியிருந்தால், தள்ளித்தள்ளிப் பற்றவைத்த ஒயர்கள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க், அதன்மேல் வெளியுறை வரை ஏறும் பசைக் குழாய் என்பதே முதல் தேர்வு. பற்றவைக்க வசதியில்லாவிட்டால் அதே அமைப்பில் பற்றவைப்புக்குப் பதில் கிரிம்ப். கேட், ஆடும் கம்பம், அசையும் கேமரா ஆகியவற்றில் கிரிம்பை மட்டுமே தேர்ந்து, அசையும் பகுதியிலிருந்து இணைப்பை விலக்கி வைத்து, இரு பக்கமும் கேபிளைக் கிளிப்பால் பிடிக்க வேண்டும். மணி, அலாரம் போன்ற ஒற்றைக் கம்பி ஒயர்களுக்கு ஜெல் பொத்தான்களும் அதன்மேல் ரப்பர் டேப்பும். நெட்வொர்க் கேபிளை இதே வழியில் ஒட்டினால் மின்சாரம் போகும், வேகமான தரவுக்கு அது உறுதி தராது. ஜோடிகளின் முறுக்கு இணைப்பு வரை குலையாமல் இருக்க வேண்டும், முடிந்தால் முழுக் கேபிளையும் மாற்றுவதே நல்லது. மண்ணுக்குள் போவது எதுவானாலும் ஜெல் கூடு அல்லது ரெசின், அதிலும் திறக்கத் தேவை வராது என்று உறுதியாகத் தெரிந்தால் ரெசின்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரையும் கையால் ஒருமுறை திடமாக இழுத்துப் பார்த்து, இரு முனைகளும் எதனோடும் சேராத நிலையில், மல்டிமீட்டரால் தொடர்ச்சியையும் இரண்டு ஒயர்களுக்கும் இடையே கசிவு இல்லை என்பதையும் சோதிக்க வேண்டும். அதன் பின் கருவியை இயக்கி, முழுச் சுமையில் முனையின் வோல்ட் அளவைக் குறித்து, பெட்டியின் மூடிக்கு உள்பக்கமோ கேபிளில் கட்டிய துண்டிலோ தேதியோடு எழுதி வைத்தால், ஓராண்டுக்குப் பிறகு அளக்கும்போது இணைப்பு கெடத் தொடங்கியிருக்கிறதா என்பதைப் பிரிக்காமலேயே சொல்லிவிடலாம். இணைப்பின் இரு பக்கமும் ஒரு சாண் அளவு கேபிளை வளையமாக விட்டு வைத்தால், மறுபடி வெட்டி இணைக்க நேரும்போது நீளம் போதாமல் இன்னொரு துண்டை நடுவில் சேர்த்து, ஒரு இணைப்பை இரண்டாக்க வேண்டியிருக்காது.